சைக்கிள் பாதையில் நின்றுபோன திட்டு

கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள் திட்டிய திட்டு, வாயைவிட்டு வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. காற்றடித்தும் கலையவில்லை, மழை பெய்தும் கரையவில்லை. பச்சைச் சாயம் பூசிய சைக்கிள் பாதைக்கு மேலே, ஆள் உயரத்தில், கல்லூரிச் சுவர் நெடுக அது இன்றும் இருக்கிறது.

அந்தப் பாதையைத் திறந்துவைத்த லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். ‘சைக்கிளில் வருவோம், காற்றைக் காப்போம்’ என்று வாசலையே மறைக்கும் பேனர். கல்லூரி முதல்வர் புகைப்படத்துக்காகச் சைக்கிளில் ஏறினார். விழுந்துவிடாமல் காவலாளி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். எல்லாம் சரி, விருந்தினர்களின் கார்களை எங்கே நிறுத்தினார்கள்? சாயம்கூடக் காயாத அந்தப் பாதையிலேயே, வரிசையாக. வெட்கமாவது ஒன்றாவது! ஜெராக்ஸ்காரியின் மகள் அங்கேதான் படித்தாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவளுக்குச் சைக்கிள்தான். தினமும் கிளம்பும்போது “ஓரமா போடி” என்பாள் அம்மா. அன்றும் ஓரமாகத்தான் வந்தாள். ஓரத்தில் கார்கள் நின்றன. விலகிச் சாலைக்குள் போனவளை ஒரு வேன் இடித்துத் தள்ளியது. தொடை எலும்பு முறிந்தது.

கடையிலிருந்து ஓடிவந்து மகளை மடியில் தாங்கிக்கொண்டவளிடம் முதல்வர் குனிந்து, “கொஞ்சம் ஓரமா வந்திருக்கலாமேம்மா” என்றார்.

“ஓரமா போ, ஓரமா போன்னு சொல்லித்தான்யா வளத்தேன்! அந்த ஓரத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா எம்பொண்ணு எங்கய்யா போவா? பறந்து வரணுமா? ரிப்பன் வெட்டத் தெரியுதுல்ல, காரை எடுக்கத் தெரியாதா?” என்று ஆரம்பித்தவள் ஆம்புலன்ஸ் வரும்வரை ஓயவில்லை. உள்ளே ஏறி மகளிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அவளுடைய குரல் மொத்தமும் பாதையிலேயே தங்கிவிட்டிருந்தது.

மறுநாளிலிருந்து அங்கே நின்ற வண்டிகளுக்குள் திட்டு ஏறிக்கொண்டது. கண்ணாடியை ஏற்றினாலும் கேட்டது, வீட்டுக்குப் போய்ப் பூட்டி வைத்தாலும் கேட்டது. முதல்வர் காரை விற்றார். வாங்கியவர் அந்த வாரமே திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, காதைப் பொத்தியபடி நடந்தே போனார். இயற்பியல் பேராசிரியர் ஒலியை அளக்கக் கருவியோடு வந்தார். ஸ்கூட்டரைப் பாதையில் நிறுத்தியதால் அவரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பாதை காலியானது. மாணவர்களும் மாணவிகளும் கும்பல் கும்பலாகச் சைக்கிளில் வரத் தொடங்கினார்கள். கடையிலோ அவள் ஒவ்வொன்றுக்கும் கையைக் காட்ட வேண்டியிருந்தது. மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட முடியாமல் தவித்தாள்.

முதல்வர் கடைக்கு வந்தார். “உன் குரலை நீயே எடுத்துக்கம்மா. நாங்க இனிமே ஒழுங்கா பாத்துக்கறோம்.”

அவளுக்கும் ஆசை இல்லாமலில்லை. பாதையில் போய் நின்றாள். தாகத்தில் தண்ணீர் குடிப்பவள்போல அண்ணாந்து வாயைத் திறந்தாள். குரல் நெளிந்து தொண்டையருகே வந்துவிட்டது. அப்போது திருப்பத்தில் ஒரு இன்ஜின் உறுமுவது கேட்டது. முதல்வரின் ஓட்டுநர் காரைக் கிளப்பி வைத்துக்கொண்டு, பாதை எப்போது அடங்கும் என்று காத்திருந்தார். அடப்பாவிகளா! அவள் பற்களைக் கடித்து வாயை மூடிக்கொண்டாள். முதல்வரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கடைக்குத் திரும்பி இயந்திரத்தைப் போட்டாள்.

மகளுக்கு எலும்பு கூடியது, பயம் போகவில்லை; கல்லூரிப் பக்கமே அவள் வரவில்லை. ஒரு வருடம் சைக்கிள் சுவரோரம் தூசி படிந்து கிடந்தது. அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் பயத்தைவிடப் பெரிதான ஒரு காலையில், அவளே சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தாள். அம்மா கேரியரில் ஏறி உட்கார்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பாதைக்குள் நுழைந்ததும் மகள் பழக்கத்தில் சுவரோரம் ஒதுங்கினாள்.

பின்னால் அம்மாவின் வாய் மூடியே இருந்தது. மேலேயிருந்து அவள் குரல் சொன்னது: “நடுவுல போடி. எவன் கேக்கறான்னு நான் பாக்கறேன்.”

மகள் நடுவிலேயே போனாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.