பெடாஸில் பேசிய பேச்சு

மரவள்ளிக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்த இராஜமாணிக்கத்தை, கை மண்ணைக் கழுவக்கூட விடாமல் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் தோட்ட ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஜப்பானிய அதிகாரி மொரிட்டா உட்கார்ந்திருந்தான். அமெரிக்காவைப் பற்றிப் படித்தவன் நீதானா என்று நல்ல ஆங்கிலத்தில் கேட்டான்.

அவன்தான். மலாயாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியின் மகன். சிங்கப்பூரில் வரலாறு படித்து, அமெரிக்கா பிற நாடுகளோடு நடந்துகொண்ட விதத்தையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவன். ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸை எடுத்துக்கொண்ட அமெரிக்கா, விடுதலை கேட்ட அந்த மக்களையே சுட்ட கதையைக் கட்டுரையாக எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றே அவனை ஆய்வுக்கு அழைத்தது. கப்பலுக்குக் காத்திருந்தபோது யுத்தம் வந்து, ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். வெள்ளைக்காரன் புத்தகம் வீட்டில் இருந்தால் தலை போய்விடும் என்று அப்பா எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். கட்டுரையும் அதோடு போனது. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அவனுக்கு எரிச்சல்தான்.

மொரிட்டா கேட்டது சின்ன விஷயம். தோட்டம் தோட்டமாகப் போய், அமெரிக்கா பிலிப்பைன்ஸில் செய்ததைத் தமிழில் பேச வேண்டும். பொய் எதுவும் வேண்டாம், உனக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும் என்றான்.

வீட்டில் மனைவி மயிலம்மாள் கிழங்கை உரித்தபடியே கேட்டாள்.

"பொய் சொல்லச் சொல்லலியே? பெறகு என்ன?"

"அதான் எரியுது. நான் சொல்றது அம்புட்டும் நெசம். ஆனா சீனாவுல இவனுங்க செஞ்சத சொல்ல முடியாதே. பாதிய மட்டும் சொன்னா அது என்ன சரித்திரம்?"

"மாட்டேன்னா ஒங்கள சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிருவான். போனவன் எவன் திரும்பி வந்தான்? போய் பேசிட்டு வாங்க லா."

சொந்தத் தோட்டத்தில்தான் முதலில் பேசினான். பெரிய மண்டபத்தில் பேராசிரியர்கள் முன்னால் பேசப்போவதாக எத்தனையோ முறை கற்பனை செய்திருந்தான். கடைசியில் கிடைத்தது, காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் எடுக்கும் பெரட்டுக் களம். ஆனாலும் பேச்சு நன்றாக வந்தது. ஆட்கள் வாய் பேசாமல் கேட்டார்கள். பேசி முடித்தபோது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதற்காகத் தன்மேலேயே ஆத்திரப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

அடுத்து பெடாஸ் பக்கம் ஒரு தோட்டம். படித்த தமிழர் பேசுகிறார், பேச்சு முடிந்ததும் உப்பும் துணியும் கொடுப்பார்கள் என்று தமுக்கடித்திருந்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் வந்திருந்தார்கள். துண்டை விரித்து ஆண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். பாதிப் பேச்சில் முனியாண்டி என்ற இளைஞன் எழுந்தான்.

"ஐயா, அமெரிக்காக்காரன் மொதல்ல கூட்டாளியாத்தானே வந்தான்? வந்தவன் ஏன் போகல?"

இராஜமாணிக்கத்தின் கட்டுரை முழுவதுமே அந்த ஒரு கேள்விதான். மூங்கில் பெஞ்சில் இருந்த மொரிட்டாவை மறந்து, உற்சாகமாகப் பதில் சொல்ல ஆரம்பித்தான். கிராமங்களை எப்படி வளைத்தார்கள், ஆண்களை எப்படித் தனியே பிரித்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்துக்குப் பின்னால் லாரிகள் வந்து நின்றன. சிப்பாய்கள் இறங்கிக் களத்தைச் சுற்றி வளைத்தார்கள்.

அவன் பேச்சு நின்றது. தொடர்ந்து பேசு என்று மொரிட்டா கையசைத்தான். பேசினான். என்ன பேசினான் என்று பிறகு அவனால் நினைவுபடுத்த முடியவில்லை. அவன் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இளைஞர்களை ஒவ்வொருவராகத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். முனியாண்டி திமிறினான். துப்பாக்கிக் கட்டையால் ஓர் அடி விழுந்ததும் அடங்கிப் போனான்.

லாரிகள் நகர்ந்தபின் மொரிட்டா அருகில் வந்து, அருமையாகப் பேசினாய், அடுத்த வாரம் சி ரூசா பக்கம் போகலாம் என்று தோளைத் தட்டினான். பேச மட்டும்தானே சொன்னீர்கள் என்று இராஜமாணிக்கம் கேட்டான். நீ பேச மட்டும்தானே செய்தாய் என்றான் மொரிட்டா.

முனியாண்டியின் தாய் மங்கம்மா ஓடிவந்து இராஜமாணிக்கத்தின் சட்டையைப் பிடித்தாள்.

"படிச்சவரு பேசுறாருன்னு நான்தான் அவன இழுத்தாந்தேன். எங்கய்யா கொண்டு போறானுங்க?"

"சயாமுக்கு."

"எப்ப விடுவானுங்க?"

அவள் பிடியை விட்டுவிட்டுக் களத்தின் நடுவுக்குப் போனாள். மற்ற பெண்கள் ஏற்கெனவே அங்கே குனிந்து, ஆண்கள் உட்கார்ந்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, புழுதியை உதறி, யாருடையது என்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.