ஆடாத மூலைக்கொடி

புதிய பயிற்சியாளர் கால்பந்து மைதானத்துக்குள் காலடி வைத்த வியாழக்கிழமை காலையில், பெஞ்சை ஒட்டியிருந்த மூலைக்கொடி ஆடுவதை நிறுத்தியது. மற்ற மூன்று மூலைகளிலும் கொடிகள் படபடத்துக்கொண்டுதான் இருந்தன. புல் வெட்டுகிறவர் கம்பத்தில் கோளாறு இருக்குமோ என்று அதைப் பிடுங்கி நட்டார், வேறு கொடி மாட்டிப் பார்த்தார், அதுவும் ஆடவில்லை. நடுக்கோட்டருகே தண்ணீர் தேங்குவதால் எங்கள் மைதானத்தில் பெஞ்சை மூலைப் பக்கமாகத் தள்ளிப் போட்டிருப்பார்கள். அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்தால், அவரைச் சுற்றி இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் கை விரித்த அளவுக்கு, காற்று வராது, தூறல் விழாது, கிளாஸில் இருக்கும் டீ ஆட்டம் முடியும்வரை ஆறாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இது ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அணி ஜெயிப்பது எப்படி என்பதையே மறந்திருந்த காலம் அது, அதனால் டீயைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் தொண்டை கிழியக் கத்துகிற ரகம். ஒருவர் உதைத்த தண்ணீர்ப் பாட்டில் லைன்ஸ்மேனின் முன்பல்லைப் பெயர்த்தது. இன்னொருவர் ஆத்திரத்தில் தன் சட்டையைத் தானே கிழித்துக்கொண்டு பனியனோடு வீட்டுக்கு நடந்தார். ஊருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. தோற்றாலும் நமக்காகக் கத்த ஒரு ஆள் இருக்கிறார் என்ற ஆறுதல். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதர் முழங்கால் மேல் கை வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தால் விடுவார்களா? முதல் ஆட்டத்தின் பத்தாவது நிமிடத்திலேயே அவருக்கு ‘ஐஸ்பெட்டி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். “உயிர் இருக்கா, யாராவது தொட்டுப் பாருங்கப்பா” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அந்த ஆட்டத்தில்தான் கோல்கீப்பர், சின்னப் பிள்ளை பிடித்துவிடக்கூடிய ஒரு பந்தை இரண்டு காலுக்கு நடுவே விட்டான். “டேய் சல்லடை!” என்று மேல்வரிசையிலிருந்து ஒரு கத்தல் கிளம்பியது. கத்தியவர் வெல்டர், ஊரிலேயே பெரிய தொண்டை அவருடையது. கோல்கீப்பர் அவருடைய ஒரே மகன். விவரம் தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெற்ற பிள்ளை என்று இவர் பாரபட்சம் காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று வெல்டர் இன்னொரு முறையும் கத்தினார். சாயங்காலத்துக்குள் அந்தப் பேர் ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது. கிளப் தலைவரான சிமெண்டு வியாபாரி, டிக்கெட் கிழிக்கிறவரைப் பெஞ்சுக்கு ஓட விட்டார். “ஐயா கேக்கறாரு, கீப்பரை மாத்திடலாமா?” பயிற்சியாளர் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “இருக்கட்டும்” என்றார்.

டிக்கெட் கிழிக்கிறவர் அதை ‘இப்போதைக்கு விடுங்கள்’ என்று எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னார். தலைவர் ‘பிறகு பார்க்கலாம்’ என்று புரிந்துகொண்டார். முன்வரிசையில் அதைக் கேட்டவர்கள், விழுந்த கோலைத்தான் சொல்கிறார், போனால் போகிறது என்கிறார் என்று நினைத்தார்கள். இடைவேளையில் பயிற்சியாளர் கோல் கம்பம்வரை நடந்து போனார். கீப்பருக்குப் பக்கத்தில் குனிந்து தன் ஷூ லேஸை அவிழ்த்து, நிதானமாகத் திரும்பக் கட்டி, அடுத்த ஷூவையும் அவிழ்த்துக் கட்டி, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார். இரண்டாம் பாதியில் குண்டு மாதிரி வந்த பந்தை அந்தப் பையன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். எதிர் அணியின் பயிற்சியாளர் நடுவர் தீர்ப்பு பிடிக்காமல் சண்டைக்குப் பாய்ந்து வந்தவர், அந்த இரண்டு பாகத்துக்குள் நுழைந்ததும் எதற்கு வந்தோம் என்பது மறந்துபோய், உட்கார்ந்து அரை கிளாஸ் டீ குடித்துவிட்டு, தன் மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தை ஊருக்குள் பரவிய வேகத்தை ஜலதோஷத்தோடுதான் ஒப்பிட முடியும். பஸ் போய்விட்டால் இருக்கட்டும். பரீட்சையில் கோட்டைவிட்டால் இருக்கட்டும். முடிதிருத்துகிறவர் கிருதாவை ஒரு பக்கம் ஏற்றி இறக்கிவிட்டு, வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் தானே இருக்கட்டும் என்றார். பெஞ்சுக்குப் பின்னால் இருந்த இருக்கைகளுக்கு அடிபிடி நடந்தது. விவாகரத்துக் கேட்டிருந்த ஒரு தம்பதி தவறுதலாக அங்கே அடுத்தடுத்த இருக்கையில் மாட்டிக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் ஒரே ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போனார்கள். இரவெல்லாம் வீறிடும் கைக்குழந்தைகளைத் தாய்மார்கள் தூக்கி வந்தார்கள். இரண்டு பாகமாக இருந்த வட்டம் வருடத்துக்கு ஒரு வரிசை வீதம் விரிந்ததால் ஓரளவுக்கு எல்லாருக்கும் இடம் கிடைத்தது. பயிற்சியாளரின் மனைவியிடம் கேட்டவர்களுக்கு மட்டும் வேறு பதில் வந்தது. “வீட்லயும் இதே கதைதான். பால் பொங்கி வழிஞ்சாலும் இருக்கட்டும்பாரு. அடுப்பைத் தொடைக்கிறது யாரு, நானில்ல?”

ஜெயித்த நாட்களில் அவரைத் தேடினால் உடைமாற்றும் அறையின் கடைக்கோடியில் இருப்பார். ஆட்டக்காரர்கள் சுருட்டி எறிந்த காலுறைகளை, துவைக்கிற அம்மாவுக்கு வேலை குறையட்டும் என்று, ஒவ்வொன்றாக நல்ல பக்கம் திருப்பிக்கொண்டிருப்பார். தோற்ற நாட்களில் நிருபர்கள் முன்னால் முதல் ஆளாக வந்து நின்று, “என் கணக்கு தப்பு” என்பார். எந்தத் தோல்விக்கும் எந்த ஆட்டக்காரன் பெயரும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. மூன்றாம் வருடம் கோப்பையை ஜெயித்தபோது ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. அவர் கோப்பையை வாங்கி, உள்ளே தூசி இருக்கிறதா என்று பார்த்து, வருடம் முழுக்க ஒரு ஆட்டமும் கிடைக்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரன் கையில் கொடுத்தார். இப்படி ஒரு மனிதர் நம் ஊரில், நாம் போகிற அதே தெருவில் நடக்கிறாரா என்று எல்லாருக்கும் மெய் சிலிர்த்தது. ‘ஐஸ்பெட்டி’ என்பது அன்றிலிருந்து மரியாதைப் பெயராயிற்று.

வெல்டர் வீட்டில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. சல்லடை என்ற பேர் விழுந்த நாளிலிருந்து மகன் அப்பாவிடம் பேசுவதில்லை. தானாகப் போய்ப் பேசினால் தொண்டை தேய்ந்துவிடுமோ என்னவோ, அப்பாவும் பேசுவதில்லை. ஒரே கூரை, ஒரே பானைச் சாப்பாடு, பேச்சு மட்டும் அம்மா வழியாக. “அப்பாகிட்ட சொல்லு, உம் பையன்கிட்ட சொல்லுன்னு... நான் என்ன இந்த வீட்டுத் தபால்காரியா?” என்று அந்த அம்மா தட்டை வைக்கும் சத்தம் பக்கத்து வீடுவரை கேட்கும். நான்காம் வருடம் வெல்டர் யாரிடமும் சொல்லாமல் மேல்வரிசையை விட்டு இறங்கி, பெஞ்சுக்கு நேர் பின்னால் இடம் பிடித்தார். அங்கே உட்கார ஆரம்பித்த பிறகு அவர் பட்டறையில் வெல்டிங் பொறிகள் சிதறுவதை விட்டுவிட்டு, மாவு சலித்த மாதிரி மெதுவாக இறங்கின. கையில் பட்டாலும் சுடவில்லை. மகனிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை அவர் நெஞ்சுக்குள் கிடந்து உறுத்தியது. கத்திப் பழகிய வாய்க்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஐந்தாம் வருடம் அணி தொடர்ந்து தோற்றது. அடிபட்டவர்கள் பாதி, வயதானவர்கள் மீதி. சிமெண்டு வியாபாரிக்குப் பொறுமை போய்விட்டது. அவர் அறை மேற்கே உயரத்தில் இருந்ததால் வட்டம் அங்கே எட்டியதில்லை. “எனக்குச் சத்தம் போடற ஆள் வேணும். இவர் தூங்கறாரா முழிச்சிருக்காரான்னே தெரியலையே” என்றார். கடைசி ஆட்டத்தின் இடைவேளையில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: இன்றோடு பயிற்சியாளர் விடுவிக்கப்படுகிறார், கோல்கீப்பரும் அடுத்த வருடம் அணியில் இல்லை. கலவரம் வெடிக்கும் என்று எதிர்பார்த்து, தலைவர் தடுப்புகளோடு காவலர்களை ஏற்கெனவே வரவழைத்து வைத்திருந்தார்.

கேலரியில் ஒருவரும் இடத்தை விட்டு எழவில்லை. பயிற்சியாளர் முழங்கால் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கோல் கம்பத்தருகே பையன் கையுறையைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். அவனுக்கு இந்த வேலையைத் தவிர வேறெதுவும் தெரியாது. அப்போது வெல்டர் எழுந்தார். பக்கத்திலிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர் மகனைப் பார்த்தார், பயிற்சியாளரைப் பார்த்தார், தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னார்: “இருக்கட்டும்.”

அடுத்த வரிசை சொன்னது. அதற்கடுத்த வரிசை சொன்னது. எதிர்க் கேலரி சொன்னது. யாரும் குரலை உயர்த்தவில்லை, ஆனால் தகரக் கூரை அதிர்ந்தது. மேலே தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பார்த்தியா, எவ்வளவு பக்குவமா எடுத்துக்கிட்டாங்க!” என்று பக்கத்திலிருந்த மனைவியிடம் சொல்லிவிட்டு, காவலர்களை டீ குடிக்க அனுப்பினார்.

இரண்டாம் பாதியில் வட்டம் மைதானம் முழுவதையும் மூடியது. நான்கு மூலைக்கொடிகளும் நின்றன. இரு பக்கமும் கோல் இல்லாமல் கடைசி நிமிடம் வந்தபோது, எதிர் அணிக்காரன் ஒருவன் தனியாக முன்னேறி ஓங்கி உதைத்தான். பந்து கோலை நோக்கி வந்தது, வரவர மெதுவானது, கீப்பர் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் அந்தரத்தில் நின்றது. நடுவர் விசிலை ஊதினார். சத்தம் வரவில்லை. சூரியன் மேற்குக் கேலரியின் கூரைக்கு ஒரு முழம் மேலே இறங்கி அங்கேயே இருந்தது. பக்கத்து ஊர்களில் விளக்குப் போட்டுவிட்டார்கள், சாப்பிட்டுப் பாத்திரம்கூடக் கழுவிவிட்டார்கள். எங்கள் மைதானத்தில் சாயங்கால வெயில் அடித்துக்கொண்டிருந்தது, ஒருவரும் எழுந்து போகவில்லை. குழந்தைகள் மடியில் தூங்கின. கடலை விற்கிறவர் கூடையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார்.

“அதான் ஒத்துக்கிட்டாங்களே, அப்புறம் ஏன் இன்னும் கலையாம உக்காந்திருக்காங்க?” என்று தலைவர் எரிச்சலோடு கேட்டார். அவர் மனைவி கேலரிப் பக்கம் கையைக் காட்டினார்.

“அவங்க ‘போகட்டும்’னா சொன்னாங்க? ‘இருக்கட்டும்’னுல்ல சொன்னாங்க.”

கதவருகே நின்ற டிக்கெட் கிழிக்கிறவர் தலையில் அடித்துக்கொண்டார். தலைவர் வேகமாகப் படியிறங்கி, கண்டிப்பாக நாலு வார்த்தை பேசுவதற்காகப் புல்லில் கால் வைத்தார். பெஞ்சை அடைவதற்குள் நாலு வார்த்தையும் மறந்துபோயின. பயிற்சியாளர் நகர்ந்து இடம் கொடுத்தார், தன் டீயையும் கொடுத்தார். அது சூடாகவே இருந்தது. குடித்து முடித்ததும் தலைவர் ஒலிபெருக்கியை வரவழைத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அது என்ன வார்த்தை என்று இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உடனே பந்து கீப்பரின் கைகளுக்குள் விழுந்தது, விசில் ஒலித்தது, சூரியன் பிந்திப் போன அவசரத்தில் சட்டென்று மறைந்தது.

பையன் பந்தோடு நேராகக் கேலரிக்கு வந்து அப்பா முன்னால் நின்றான். ஐந்து வருடங்களில் முதல் தடவையாகத் தபால்காரி இல்லாமல் பேசினான்.

“நான் பிடிக்கலப்பா. அதுவாத்தான் நின்னுச்சு.”

வெல்டர் அவன் கையுறையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். “அதனால என்னடா? நின்ன பந்தைப் பிடிக்கறதுக்கும் அங்க ஒருத்தன் இருக்கணும்ல.”

பயிற்சியாளர் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார், ஜெயித்தார், தோற்றார், காலுறைகளைத் திருப்பினார், வயதானதும் வேலையை விட்டு வீட்டில் அடுப்பைத் துடைக்கக் கற்றுக்கொண்டார். இப்போது அந்தப் பெஞ்சில் உட்காருகிறவன் பழைய கோல்கீப்பர். துணி நைந்தால் மூலைக்கொடியை மட்டும் மாற்றுகிறார்கள். புதிதாக ஆட வருகிற அணிக்காரர்கள் கார்னர் அடிக்கும்போது, ஊசி நூல்கூட அசையாத அந்த இடத்தில் ஒரு கணம் திகைத்து நிற்பார்கள். பிறகு அவர்களும் பந்தை வைத்து, நிதானமாக ஷூ லேஸைச் சரிபார்த்து, உதைப்பார்கள்.