இடைவழியில் போனவள்

தையற்காரரின் மனைவி சமையலறையிலிருந்து தையற்கடையான முன்னறைக்கு வந்து சேர ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். நடுவில் இருந்தது பன்னிரண்டடி இடைவழி. தையற்காரர் நாடா பிடித்து அளந்தும் பார்த்துவிட்டார். அவளோ வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, அவருக்கான தேநீரோடு வந்து நின்றாள். தேநீர் பனிக்கட்டியாகியிருந்தது. உடுப்பின் ஓரமெல்லாம் ஒட்டுமுள்.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்த வினை. கை சுருக்க வந்த கோட்டின் பையில் அது இருந்தது. மலைத்தொடர் ஒன்றைத் தனியாக நடந்தே கடந்த ஒருத்தி எழுதியது. கல்யாணமானதிலிருந்து கடைத்தெருவைத் தாண்டாதவள் அதைப் படிக்கத் தொடங்கினாள். படிக்கப் படிக்க இடைவழி நீண்டது. கால் கொப்புளங்களுக்கு மருந்து தடவியபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். தையற்காரரைக் கலங்க வைத்தது அந்தச் சிரிப்புதான்.

"உன் பொண்டாட்டி எங்கடா?" என்றாள் அவருடைய அக்கா.

"வந்துட்டு இருக்கா."

"போன தடவையும் இதையேதான் சொன்ன. வீட்டுக்குள்ளயே ஒருத்தியத் தொலைச்சுட்டு உக்காந்திருக்க. கெட்டிக்காரன்டா நீ."

நீளமான எதற்கும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே. அவள் அசந்து தூங்கிய ஒரு மதியம், புத்தகத்தில் அவள் இன்னும் படிக்காத பின்பாதியைப் பெரிய கத்தரியால் வெட்டினார். தொழில் சுத்தம் விடவில்லை. ஓரத்தை மடித்துத் தைத்தார். வெட்டியதை அடுப்பில் போட்டார். பக்கம் குறைந்தால் வழியும் குறையும் என்பது அவர் கணக்கு. எழுந்தவள் முன்பாதியில் மிச்சமிருந்ததைப் படித்து முடித்துவிட்டுத் தேநீர் போடப் போனாள். வரவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கோட்டுக்காரர் வந்தார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"திரும்பி வர்ற பாதியைக் காணோமே."

"அது... நீளமா இருந்துச்சுங்க."

"போறதுக்கு யாருக்குங்க புத்தகம் வேணும்? திரும்பி வரத்தான் வேணும்" என்றவர், கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

தையற்காரர் இடைவழிக்குள் ஓடினார். நாலே எட்டில் சமையலறை வந்துவிட்டது. மிஞ்சிய பாதியை மனப்பாடமாகும்வரை படித்துவிட்டு மறுபடி நடந்தார். அப்போதும் நாலே எட்டு. இலையுதிர்காலத்தில் பெயர் தெரியாத மரங்களின் சருகுகள் இடைவழியில் சேர்ந்தன, கூட்டித் தள்ளினார். குளிர்காலத்தில் சுவரில் பனி படிந்தது; துடைத்தார்.

இரண்டாம் வருடம், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பதுபோல அவள் குரல் வந்தது.

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்" என்று கத்தினார். அது அவளைப் போய்ச் சேர எத்தனை நாளானதோ, மழைக்காலம் முடிந்த பிறகுதான் அடுத்த குரல் வந்தது. முன்னைவிடத் தூரத்திலிருந்து.

"எந்தப் பக்கம்?"

அவருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. தினமும் கடை திறந்ததும் இடைவழியைப் பார்த்து ஒருமுறை கத்துகிறார். அதுவரை வேலையாட்கள் தையல் இயந்திரத்தை மிதிப்பதில்லை. துணி கொடுக்க வந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் முடிக்கும்வரை நிற்கிறார்கள்; பிறகு அளவு கொடுக்கிறார்கள்.