கிப்லாத் அம்பை நம்பியவர்

சீனி முகம்மதுவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பாதியிடம் அவரே சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக் கடைக்காரர், மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே அழுகின வெங்காயம் இருப்பதைச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் லெபோ கார்னாவன் வீதியை ஒட்டிய ஒரு சந்தில், யாரோ ஒருவர் வீட்டு வாசலில், திருதிருவென விழித்துக்கொண்டு நின்றார்.

கதவைத் திறந்த சீனத்து அம்மா மலாயில் பொறுமையாகத்தான் சொன்னார். இது ஹோம்ஸ்டே இல்லை, தான் குடியிருக்கும் வீடு. எவனோ இந்த வீட்டுப் படத்தைப் போட்டுக் காசு பறிக்கிறான். இதற்கு முன்னும் சிலர் பெட்டியோடு வந்து நின்றிருக்கிறார்கள். சொல்லிவிட்டு, பாவம் பார்த்து, வேனில் இருப்பவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் சீனி முகம்மதுவை அதிகம் சுட்டது.

வேனில் இருந்தவர்கள் ஜொகூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார். அவர்கள் தங்கத்தான் சீனி முகம்மது இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார். மறுநாள் அவர் மகள் இல்ஹாமுக்கு நிக்காஹ். பள்ளி விடுமுறை வேறு. ஊரில் ஓர் அறை காலி கிடையாது.

இல்ஹாம் பக்கத்து ஊரான ஜுருவில் கார் விற்கும் கம்பெனியில் கணக்கு பார்ப்பவள். "அத்தா, ஆப்லயே கட்டுங்க. தனியா அக்கவுண்ட்ல போடச் சொன்னா போடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வீட்டுக்காரன் என்று சொல்லிக்கொண்டவனோ வாட்சாப்பில் வந்து, நேரே பணம் போட்டால் வாடகையைக் குறைக்கிறேன் என்றான். பேரம் என்றதும் சீனி முகம்மதுவுக்குக் கை துறுதுறுத்தது. அந்த வீட்டு முகப்பு அவருக்குத் தெரிந்ததுதான், ஆகவே போய்ப் பார்க்கவும் இல்லை. ஆனாலும் ஆளைச் சோதிக்காமல் விடவில்லை. "கிப்லாத் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். உடனே ஒரு சலாமும், சீலிங்கில் ஒட்டிய பச்சை அம்பின் படமும் வந்தன. தொழுகைத் திசையை ஒட்டிவைத்திருப்பவன் பொய் சொல்வானா? முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டார். அந்த அம்பு இந்த நாட்டில் எந்த ஹோட்டல் சீலிங்கிலும் இருக்கும் என்பது அத்தனை கெட்டிக்காரருக்கு அப்போது தோன்றவில்லை.

"என்ன சம்பந்தி, சாவி வரலியா?" என்றபடி மாப்பிள்ளையின் தாயார் ஜன்னத் வேனிலிருந்து இறங்கி வந்தார். விஷயம் தெரிந்ததும், "யாரு புக் பண்ணது?" என்று கேட்டார்.

உண்மை தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தால் வேறொன்று வந்து விழுந்தது.

"இல்ஹாம்தான். இப்ப உள்ள பிள்ளைங்க எல்லாத்தையும் போன்லயே பண்ணுதுங்க லா."

பக்கத்தில் நின்ற இல்ஹாம் தகப்பனைப் பார்த்தாள். முறைக்கவில்லை. முறைத்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"மன்னிச்சிருங்க மாமி, நான் பாத்துப் பண்ணியிருக்கணும்" என்றாள். "நீங்க எல்லாரும் எங்க வீட்லயே தங்குங்க. நாங்க கடை மாடில படுத்துக்குறோம்."

பிறகு அவரருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "அத்தா, உடனே பேங்குக்குப் போன் அடிங்க. பணத்தை நிறுத்த முடிஞ்சாலும் முடியும். உங்க அக்கவுண்ட், நீங்கதான் பேசணும். அந்தப் பக்கமாப் போய்ப் பேசுங்க, மாமிக்குக் கேக்க வேணாம்."

அவர் சந்து முனைக்குப் போய்ப் பேசினார். வங்கிப் பெண் கேட்ட கேள்விக்கெல்லாம், ஆமாம், நான்தான் அனுப்பினேன் என்றார். முகம் தெரியாத ஒருத்தியிடம் அதைச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது! முயன்று பார்க்கிறோம், போலீசிலும் புகார் கொடுங்கள் என்றாள் அவள்.

திரும்பி வந்தபோது ஜன்னத், இல்ஹாமின் கையைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார்.

"கோவமெல்லாம் இல்லம்மா. ஆனா இனிமே காசு விஷயம் எதையும் நீ தொட வேணாம். சம்பளத்தையும் என் மவன்கிட்டயே குடுத்துரு, அவன் பாத்துக்குவான்."

"சரி மாமி" என்றாள் இல்ஹாம்.

அந்தச் 'சரி'யைக் கேட்டதும் சீனி முகம்மதுவுக்கு உடம்பே கூசிப்போனது. பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். தன் மூஞ்சியைக் காப்பாற்றிக்கொள்ள மகளின் வாழ்க்கையையல்லவா தூக்கிக் கொடுத்துவிட்டார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"சம்பந்தியம்மா" என்றார். "நான்தான் புக் பண்ணேன். பணமும் நான்தான் போட்டேன். இல்ஹாம் வேணாம்னுதான் சொல்லுச்சு. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

ஜன்னத் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "நீ ஏம்மா உன் தப்புன்னு சொன்ன?" என்று இல்ஹாமிடம்தான் கேட்டார்.

இல்ஹாம் தரையைப் பார்த்தாள்.

"எங்க அத்தா பொய் சொல்றவங்கன்னு நீங்க நெனச்சிரக் கூடாதுல்ல, மாமி."

சீனி முகம்மது டிரைவருக்கு வழி சொல்ல வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வீடு போய்ச் சேரும்வரை பின்னால் உட்கார்ந்திருந்த மகளைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.