முப்பது எண்ணும் வரை

என் அப்பா ராமையா பட்டாளத்தில் சமையல்காரர். ஓமானில் உள்ள சலாலாவுக்கு வந்த இந்த முப்பது வருடங்களில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. "அப்பாவும் பட்டாளத்தார்" என்பேன். நானே ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். அதற்கு மேல் எவரும் கேட்டதில்லை.

என் சம்பந்தி அன்பரசன் ஊரில் விசாரித்திருக்கிறார். பேரனுக்குப் பெயர் வைக்க நான்கு நாள் இருந்தது. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்:

"ராமையான்னு வைக்கணுங்கிறீங்க. சமையல்காரரு பேராமே? என் மக வயித்துப் பிள்ளைக்கு அது வேணாம் சம்பந்தி. ரிஷின்னு வச்சுருவோம்."

என் மகன் அருள்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் மேற்பார்வை பார்க்கும் தென்னந்தோப்பின் முதலாளி முசல்லம், தன் தகப்பனார் விட்டுப்போன த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியைச் சுடும் திடலுக்குக் கொண்டுவந்தார். உரிமம் இருந்தது, தோட்டாதான் இல்லை. இரண்டு வருடம் சலாலாவிலும் மஸ்கட்டிலும் கேட்ட கடையெல்லாம் "மாஃபி", இல்லை என்றே பதில். அந்த அளவை இப்போது யாரும் வரவழைப்பதில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர் பழைய காகிதப் பொட்டலம் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். இருபது தோட்டா. அடிப்பாகத்தில் 1953 என்று இருந்தது.

முதலாளிக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. "அப்பா துப்பாக்கியோட சத்தத்தை ஒரு தடவை கேக்கணும். நீ சுடு ஹவில்தார்" என்று இந்தியில் சொன்னார். தோப்புக்கு மளிகை கொடுக்கிறவர் என்ற உரிமையில் அன்பரசனும் அழைக்காமலே வந்து நின்றார்.

நான் துணி விரித்து ஒவ்வொரு தோட்டாவாக உருட்டிப் பார்த்தேன். பச்சை பூத்தது, கழுத்தில் கீறல் விட்டது எல்லாம் தள்ளுபடி. எட்டுதான் தேறியது.

"அரிசியில கல்லு பொறுக்குறீங்களா? பரம்பரைத் தொழிலு விடுமா!" என்றார் அன்பரசன்.

குப்புறப் படுத்துச் சுட்டேன். முதல் இரண்டின் சத்தமும் மலையில் மோதித் திரும்பியது. முதலாளி கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவதுக்கு விசையை இழுத்தேன். 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

"புஸ்வாணம்!" என்று சிரித்தார் அன்பரசன். தீபாவளிக்கு வெடிக்காத வெடியைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. எடுத்து ஊதிப் பார்ப்பார்கள். அதே கையோடு, சுடுபவரைத் தவிர யாரும் தாண்டக் கூடாத கோட்டைத் தாண்டி வந்து குனிந்தார். "குடுங்க, திறந்து எடுத்துறேன்." திடல் காவலர் பின்னாலிருந்து அரபியில் கத்தினார். அன்பரசனின் விரல்கள் அதற்குள் தோட்டா அறையைத் திறக்கும் கைப்பிடியில் இருந்தன.

"எடுடா கையை!"

முழங்கையால் அவர் நெஞ்சில் இடித்தேன். மணலில் போய் விழுந்தார். குழல் இலக்கை விட்டு அசையவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். வெடிக்காத தோட்டாவைத் திறக்கும் முன் முப்பது வரை எண்ண வேண்டும். ஆறில் வெடித்தது.

அன்பரசன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யா அல்லாஹ்! இதெல்லாம் பட்டாளத்துல படிச்சதா?" என்றார் முதலாளி.

"எங்க அப்பா சொன்னது. அவர் பட்டாளத்துல சமையல்காரர். சமையல்காரங்களும் வருசா வருசம் சுட்டே ஆகணும்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

திரும்பும்போது காரில் அன்பரசன் மெதுவாக ஆரம்பித்தார். "சம்பந்தி, நீங்க சொன்ன பேரையே வச்சுருவோம்."

"உங்க விரலுக்குக் கூலியா எங்க அப்பா பேரைக் கேக்கல."

"பின்ன என்னதான் வேணும்?"

"நாலு பேரு முன்னால நீங்க சொல்லணும். சமையல்காரர் ராமையா பேருன்னு. அந்த வார்த்தைய விட்டுட்டுச் சொல்றதா இருந்தா வரவே வேணாம்."

பெயர் வைக்கும் நாளில் வந்தார். கூடம் நிறைய ஆட்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பட்டாளத்துல இருந்த ராமையா..." என்று தொடங்கினார்.

பிள்ளையை அவர் மடியில் வைக்கப் போனவன் நிறுத்தினேன்.

"முழுசா."

அவர் மகள் நாகவள்ளி என்னைப் பார்த்தாள், அப்புறம் தகப்பனைப் பார்த்தாள். அவர் தாடை இறுகியது.

"சமையல்காரர் ராமையா."

பிள்ளையைக் கொடுத்தேன். காதில் மூன்று முறை பெயரைச் சொன்னார். சாப்பிடாமலே போய்விட்டார். இருந்து சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை.