வாலுவின் இடது கண்

1

இந்தக் கதை சாப்பாட்டு மேசையில் பிறந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் தங்கை தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாய், பூனை வயித்துல இருக்கிற உருளைப்புழு நமக்கும் வரும், தெரியுமா?" எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கதை மட்டும் இறங்கிவிட்டது.

2

முதல் தொடக்கம்: ‘நான்கு வயது வாலுவின் மலத்தில், நுண்ணோக்கியின் கீழே, ஒரு புழு முட்டை—’

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "மலத்துல தேடினா ஆயுசுக்கும் கிடைக்காது அண்ணா. நம்ம உடம்புல அது வளரவே வளராது, முட்டையும் போடாது. குட்டிப் புழுவாவே வழி தெரியாம சுத்தும். அதுக்கு எதிரா ரத்தத்துல உண்டான எதிர்ப்பொருளைத்தான் தேடுவோம்."

இரண்டு பக்கம் குப்பைக்குப் போயிற்று. (புழுவின் மேல் லேசாகப் பாசம் வந்தது. என் நாவல்களும் அப்படித்தான் வளராமல் சுற்றுகின்றன.)

3

சரி, மறுபடியும். வாலுவின் இடது கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு கட்டி. புற்றுநோயானால் கண்ணையே எடுக்க நேரலாம். புழுவானால் கண் தங்கும்.

"வீட்டுல நாய், பூனை உண்டா?" என்றார் கண் டாக்டர்.

"கிட்டக்கூட விடமாட்டேன் டாக்டர்," என்றாள் அம்மா.

"மண்ணு திம்பாளா? அந்தப் புழு முட்டை மண்ணுலதான் கிடக்கும்."

"சேச்சே—"

"பார்க்குல மண்ணுல கேக் செஞ்சு தின்னேன்," என்றாள் வாலு. "நல்லாவே இல்ல."

டாக்டரின் முகம் மலர்ந்தது. ஒரு பிள்ளை மண் தின்றதற்கு இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று அவரே நினைத்ததில்லை.

(இந்த இடத்தில் அம்மா அழுது— இல்லை. எவ்வளவு சொல்லியும் அழ மறுத்துவிட்டாள். ‘புழுவாவே இருக்கணும்’ என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.)

4

ரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை. நானே அதிர்ந்து தங்கையிடம் ஓடினேன்.

"புழு கண்ணுல மட்டும் இருந்தா ரத்தத்துல தெரியாமப் போகலாம். கண்ணுக்குள்ள இருக்கிற நீரை ஊசியால எடுத்துச் சோதிக்கலாம்."

"அப்ப எடுக்கச் சொல்லிடறேன்!"

"புற்றா இருந்தா? ஊசி போன வழியா வெளிய பரவிடுமே."

ஸ்கேன் புழுவின் பக்கம் சாய்கிறது. சத்தியம் செய்ய மாட்டேன் என்கிறது.

5

முடிவு ஒன்று: ஊசி. முடிவு இரண்டு: சில நாள் பொறுத்து மறுபடி ஸ்கேன், அதற்குள் கட்டி வளர்ந்துவிட்டால்? முடிவு மூன்றை எழுத எனக்குக் கை வரவில்லை.

அம்மா கேட்கிறாள்: "என்ன செய்யலாம், சொல்லுங்க."

டாக்டர் வாலுவைப் பார்த்து—

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அம்மாவின் கேள்வியை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.