விளக்கடிச் சம்பா

கவிப்ரியா வளர்த்த நெல் கதிர் விடவில்லை. சிகாகோவில், ஆய்வுக்கூடத்துத் தொட்டிகளில் நாலு பிடி சம்பாவை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாட்டைத் திருக்காட்டுப்பள்ளியில் அவள் அப்பா துரைராசு மூன்று ஏக்கரை வைத்துக்கொண்டும் பட்டதில்லை.

அவள் படித்தது பௌதிகம். குவாண்டம் புள்ளி என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத படிகத் துகள், நீல ஒளி பட்டால் சிவப்பாக மினுங்கும். அதை நெல் இலைக்குள் செலுத்தி, இலை வெளிச்சத்தை எப்படிச் சாப்பாடாக்குகிறது என்று வேவு பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அதற்காக ராத்திரி முழுக்க நீல விளக்கு விட்டுவிட்டு எரியும். பக்கத்து அறையில் துகள் போடாத நெல் ஜம்மென்று கதிர் விட்டிருந்தது.

"துகள் விஷம். இந்த வருடத்தோடு இதை மூடிவிடலாம்" என்றார் பேராசிரியர். இத்தனை வருட உழைப்பும் போச்சு. அவள் தன் மேசைக்குத் திரும்பினாள்.

மேசையில் பழைய போட்டோ ஒன்று இருந்தது. தொண்ணூற்றெட்டில், அவள் அமெரிக்கா வந்த மறு வருடம், தபாலில் வந்தது. அப்போது ஊருக்கே ஒரு எஸ்.டி.டி. பூத்துதான். காதர் மைதீன் அதை இவர்கள் வயல் முனையில், ரோட்டோரம் போட்டிருந்தார். வேலை முடிந்து இவள் கூப்பிட்டால் அங்கே விடியாத நேரம். பஜ்ரு தொழுதுவிட்டுக் கடை திறந்தவர், "துரைராசண்ணே, அமெரிக்கா!" என்று கத்துவார். அம்மாவும் அப்பாவும் வரப்பில் ஓடிவரும் மூச்சிரைப்புதான் போனில் முதலில் கேட்கும். அந்த மூச்சுக்காகவே அவள் கூப்பிட்டாள்.

போட்டோவில் வயல் முழுக்கப் பழுத்துக் கிடந்தது. விடிய விடிய எரியும் பூத்து விளக்கைச் சுற்றி மட்டும் பச்சை. அது ஏன் என்று அப்போதே கேட்டாள். "மாட்டுக்குப் பசுந்தீவனம் வேணாமா? அதான் விட்டிருக்கேன்" என்றார் அப்பா.

இப்போது அந்தப் பச்சையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். சம்பா கதிர் விட ராத்திரி இருட்டு வேண்டாமா? விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு இது உறைக்க இத்தனை நாளா! துகள் போடாத நெல் பக்கத்து அறையில் நிம்மதியாக இருட்டில் அல்லவா தூங்கியது! அன்றே இரவு விளக்கை நிறுத்தினாள். சில வாரங்களில், துகள் ஏற்றிய பயிரிலேயே கதிர் எட்டிப் பார்த்தது. விஷம் என்ற சொல்லைப் பேராசிரியர் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டார்.

சந்தோஷம் தாங்காமல் ஊருக்குப் போன் போட்டாள். அம்மா நாகம்மாள்தான் எடுத்தாள்.

"ஏம்மா, அந்த வெளக்கடிப் பச்ச, மாட்டுக்குன்னா விட்டீங்க?"

"ஏது மாடு? நீ பிளேன் ஏறுன வருஷமே வித்தாச்சே. வெளிச்சத்துல கதிர் வராது, அணைச்சுடுறேன்னு காதர் பாயே சொன்னாரு. ஒங்கப்பாதான் கூடவே கூடாதுன்னுட்டாரு. வரப்புல பாம்பு கெடக்குமே, இருட்டுல எப்புடி ஓடியார்றது?"

அப்பா போனை வாங்கினார். ஆய்வுக்கூடத்தில் நடந்ததை அவரிடம் சொன்னாள்.

"இப்ப வெளக்க அணைச்சிட்டியா?"

"அணைச்சிட்டேம்ப்பா. கதிர் வந்துடுச்சு."

"நல்லது" என்றார் துரைராசு. "நாங்க எப்புடிம்மா அணைக்கிறது? நீ கூப்புடுவியே."